எந்த ஃபார்மட்டில் அனுப்பட்டும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அச்சு வடிவமைக்கும் வேலையில் இருப்பவர்கள் தினமும் காதில் வாங்கும் கேள்வி இது. ஸ்டெப் அனுப்பட்டுமா? ஐஜெஸ் போதுமா? எஸ்டிஎல்தான் இருக்கிறது, பரவாயில்லையா? டிஎக்ஸ்எஃப் கொடுத்தால் லேசர்காரர் வெட்டிவிடுவார் இல்லையா? கேட்பவர்கள் இதைச் சில்லறை விஷயமாக நினைத்துத்தான் கேட்கிறார்கள். 'சேவ் ஆஸ்' அழுத்தினால் ஒரு பட்டியல் விரிகிறது, அதில் கைக்கு அகப்பட்டதைத் தேர்ந்தெடுத்து மெயிலில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது ஒருநாளும் சில்லறை விஷயமாகப் பட்டதில்லை. அந்தப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு பெயரும் ஏதோ ஒரு வருடத்தில், ஏதோ ஒரு ஊரில், சிலருடைய தலைவலியைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது. அந்தத் தலைவலிக்கு அது நல்ல மருந்து. வேறு நோய்க்குக் கொடுத்தால் வேலை செய்யாது. பிறந்த கதை தெரிந்தால், எதை எப்போது அனுப்புவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது டிராயிங் ஆபீஸில் டிராஃப்டர் மாட்டிய பலகைகள்தான் இருந்தன. டிரேசிங் ஷீட்டில் இங்க் பேனாவால் வரைந்து, அமோனியா பிரிண்ட் எடுத்து, மடித்துக் கவரில் போட்டு அனுப்புவோம். பிரிண்ட் அறைக்குள் போனால் கண் எரியும். ஆனால் அந்தத் தாளைப் படிக்க எந்த மென்பொருளும் வேண்டாம். சென்னையில் வரைந்ததைக் கோவையில் பேட்டர்ன் செய்யும் ஆசாரி விரித்துப் பார்த்துப் படித்துவிடுவார். அப்போதும் சிக்கல் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை, அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள் முறை. பக்கத் தோற்றத்தை எந்தப் பக்கம் வரைவது என்பதில் இரண்டும் நேரெதிர். அதனால் தாளின் மூலையில், பெயர்க் கட்டத்துக்குள், நுனி வெட்டிய கூம்பு ஒன்றை வரைந்து இது எந்த முறை என்று சொல்லிவிடுவோம். அதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால் துளை எதிர்ப்பக்கம் விழும். வரைந்தவர் மனதில் இருந்ததைத் தாளே சொல்ல வேண்டும் என்பது அந்தக் காலத்து ஒழுங்கு. கணினி வந்தபோது முதலில் காணாமல் போனது அந்த ஒழுங்குதான்.

1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளை எழுதி, திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரைந்து காட்டினார். அதே காலகட்டத்தில் பிரான்சில் சிட்ரோயன் நிறுவனத்தின் பால் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோவின் பியர் பெசியேவும் காரின் உடல் வளைவுகளைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதும் வழியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1970களின் முடிவில் கம்ப்யூட்டர்விஷன், அப்ளிகான் போன்ற நிறுவனங்கள் கணினி, திரை, மென்பொருள் மூன்றையும் ஒரே கட்டாக விற்றன. ஒருவருடைய கட்டில் வரைந்த வட்டம் இன்னொருவருடைய கட்டுக்குள் போகாது. வட்டத்தை எப்படிச் சேமிப்பது என்பதை ஒவ்வொருவரும் தங்கள் இஷ்டத்துக்கு வைத்திருந்தார்கள். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பிரிவிலும் வேறு வேறு கட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே நிறுவனத்துக்குள்ளேயே டிராயிங்கைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போய் மறுபடி வரைந்துகொண்டிருந்தன.

1979 செப்டம்பரில் டெட்ராய்ட்டில் உற்பத்திப் பொறியாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. மேடையில் இந்த விற்பனையாளர்கள். கீழே பணம் கொடுத்து வாங்கியவர்கள். ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து, உங்கள் அமைப்புகளுக்கு இடையே தகவல் போய்வர ஒரு பொது வழியைச் செய்து தாருங்கள் என்று சவால் விட்டார். எல்லார் முன்னிலும் மறுக்க முடியாத கேள்வி. அடுத்த மாதமே வாஷிங்டனில் அமெரிக்க விமானப்படையின் ஆதரவோடு ஒரு கூட்டம் கூடியது. தேசிய தரநிர்ணய நிறுவனத்தின் ரோஜர் நாகல், போயிங்கின் வால்டர் பிரெய்த்வெய்ட், ஜெனரல் எலக்ட்ரிக்கின் பிலிப் கென்னிகாட் ஆகியோர் எழுத்து வேலையை ஏற்றார்கள். போயிங்கும் ஜெனரல் எலக்ட்ரிக்கும் தங்கள் உள்வேலைக்காக ஏற்கெனவே ஆளுக்கொரு பொது வடிவத்தை வைத்திருந்தன. இரண்டையும் சேர்த்துத் தட்டி நேராக்கி, 1980 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டுவிட்டார்கள். அதுதான் ஐஜெஸ். 1981-இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது. ஒரு தரநிர்ணயக் குழு இத்தனை வேகமாக வேலை செய்தது இந்தத் தொழிலின் வரலாற்றில் வேறெங்கும் கிடையாது. அந்த வேகத்தின் நன்மையும் கெடுதலும் இரண்டுமே அந்தக் கோப்புக்குள் இன்றும் இருக்கின்றன.

உங்களிடம் ஒரு ஐஜெஸ் கோப்பு இருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் சரியாக 80 எழுத்துகள். 73-ஆவது இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து, அதற்குப் பின்னால் வரிசை எண். 80 என்பது துளையிட்ட அட்டையின் அகலம். ஒரு வரி என்பது ஓர் அட்டை. அட்டைக் கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் மறுபடி அடுக்குவதற்கு வரிசை எண் உதவும். கோப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும். அதில் மூன்றாவது பகுதி ஒரு பதிவேடு. ஒவ்வோர் உருவத்துக்கும் இரண்டு வரி, வரிக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு எட்டு இடம். முதல் கட்டத்தில் உருவத்தின் எண். 110 என்றால் நேர்கோடு, 100 என்றால் வட்ட வில், 128 என்றால் நர்ப்ஸ் பரப்பு. எழுத்துகளைக் குறிக்கும் முறைதான் இன்னும் பழையது. மில்லிமீட்டர் என்று சொல்ல முதலில் 2, அடுத்து ஹெச், பிறகு எம்எம் என்று இருக்கும். 'இனி வருவது இரண்டு எழுத்து' என்று பொருள். அந்த ஹெச், துளையிட்ட அட்டைகளை வைத்து 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ணிக் கொடுத்த ஹெர்மன் ஹாலரித்தின் பெயரிலிருந்து வந்தது. நேற்று வாங்கிய லேப்டாப்பிலிருந்து இன்று காலை ஏற்றுமதி செய்த ஐஜெஸ் கோப்பிலும் அந்த ஹெச் இருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் வருகிறது. எளிய எழுத்துக் கோப்பாக, யாரும் படிக்கும்படி, விதிகளை ஊரறிய அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதனால்தான் இத்தனை ஆண்டு உயிரோடு இருக்கிறது.

கெடுதலைச் சொல்கிறேன். ஒரே விஷயத்தைச் சொல்லப் பல வழிகளை ஐஜெஸ் அனுமதித்தது. ஒரு நேர்கோட்டை நேர்கோடாகவும் எழுதலாம், புள்ளிகளின் கோவையாகவும் எழுதலாம், வளைவாகவும் எழுதலாம். எந்த மென்பொருளும் எல்லா வழிகளையும் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. தனக்கு வேண்டியதை மட்டும் எழுதியது, தனக்குத் தெரிந்ததை மட்டும் படித்தது. மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. இதைவிடப் பெரிய வில்லங்கம் ஓரம் வெட்டிய பரப்பில் இருந்தது. ஒரு வளைந்த பரப்பை எங்கே வெட்டி நிறுத்த வேண்டும் என்பதை ஐஜெஸ் இரண்டு முறை சொல்லும். பரப்பின் சொந்த அளவீட்டில் ஒரு முறை, முப்பரிமாண வெளியில் ஒரு முறை. இரண்டும் இம்மி அளவு மாறுபட்டால் எதை நம்புவது என்று சொல்ல ஒரு குறியீட்டு எண்ணும் உண்டு. அதை நிரப்பாமல் விடவும் அனுமதி உண்டு! அனுப்பியவர் ஒன்றை நம்பி எழுதியிருப்பார், படிக்கும் மென்பொருள் மற்றதை நம்பும். விளைவு, இரண்டு பரப்புகள் சந்திக்கும் ஓரத்தில் முடி அளவு இடைவெளி.

முடி அளவு இடைவெளி என்றால் என்ன என்று அச்சு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கோரும் கேவிட்டியும் பிரிக்க வேண்டுமானால் மாடல் கெட்டியாக, மூடிய உடலாக இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் அது வெறும் மேற்பரப்புகளின் குவியல். வெட்ட முடியாது, ஷ்ரிங்கேஜ் சேர்க்க முடியாது, டூல்பாத் போட்டால் கட்டர் அந்த இடத்தில் சட்டென்று உள்ளே இறங்கும். அதனால் இடைவெளிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, பழுதான பரப்பை அழித்து, அக்கம்பக்கத்து ஓரங்களிலிருந்து புதிதாகக் கட்டித் தைக்க வேண்டும். இந்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் ஸ்டிச்சிங் என்றே பெயர். கார் ஒன்றின் உள்பக்க பிளாஸ்டிக் பாகம் ஒன்றை வாடிக்கையாளர் ஐஜெஸ்ஸில் அனுப்பியபோது, திறந்த ஓரங்கள் திரை முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தன. இரண்டு பையன்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தைத்தார்கள். அந்த உழைப்புக்கு விலைப்பட்டியலில் இடமே கிடையாது. அச்சுக்கு விலை சொல்லலாம். கெட்டுப்போன கோப்பைச் சரிசெய்ததற்கு யார் பணம் தருவார்கள்?

இது அம்பத்தூரின் தனிப்பட்ட துயரம் இல்லை. 1990களில் டெட்ராய்ட்டில் ஃபோர்டு ஐ-டியாஸ் மென்பொருளையும், ஜெனரல் மோட்டார்ஸ் யூனிகிராஃபிக்ஸையும், கிரைஸ்லர் கேட்டியாவையும் பிடித்துக்கொண்டிருந்தன. மூவருக்கும் பாகம் செய்து தரும் சின்ன நிறுவனம் மூன்றையும் வாங்கி, மூன்றுக்கும் ஆள் வைக்க வேண்டும், அல்லது மொழிமாற்றம் செய்து தைக்க வேண்டும். இந்தக் குழப்பத்தால் அமெரிக்க வாகனத் தொழிலின் சப்ளை சங்கிலிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலர் நஷ்டம் என்று அங்குள்ள தேசியத் தர நிறுவனத்துக்காகச் செய்த ஆய்வு 1999-இல் கணக்குச் சொன்னது. அதில் பெரும்பகுதி, வந்த கோப்பு உதவாமல் போய், அதைத் திருத்துவதற்கும் மறுபடி வரைவதற்கும் செலவானது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவும், 1999-இல் மறைமலை நகரில் ஐகானும் வெளிவரத் தொடங்கிய காலம் அது. டெட்ராய்ட்டின் அதே தலைவலி ஸ்ரீபெரும்புதூர் சாலை வழியாக எங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஐரோப்பியர்கள் முன்னதாகவே முழித்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் வாகனத் தொழில் சங்கம் விடிஏ-எஃப்எஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. காரின் வளைந்த பரப்புகளைத் தவிர வேறெதையும் அது கொண்டுபோகாது. டிராயிங் கிடையாது, குறிப்புகள் கிடையாது. செய்வதை ஒழுங்காகச் செய்தது. பிரான்சின் விமானத் தொழில் செட் என்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் போயிங் 1981-இல் நர்ப்ஸ் வளைவுகளை ஐஜெஸ்ஸில் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்தது. கென் வெர்ஸ்ப்ரில் என்பவர் 1975-இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்டத்துக்காக எழுதிய கணிதம் அது. வட்டம், நீள்வட்டம், தாறுமாறான வளைவு எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுக் குடும்பத்துக்குள் அது அடக்கியது. இன்று எல்லா வடிவமைப்பு மென்பொருளும் பேசுவது அந்த மொழியைத்தான்.

பெரிய நிறுவனங்கள் இப்படிக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, மேசைக் கணினியில் ஓடும் ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வந்தது. கூடவே டிஎக்ஸ்எஃப். அதன் அமைப்பைப் போல் எளிமையானது வேறில்லை. ஒரு வரியில் ஓர் எண், அடுத்த வரியில் அதன் மதிப்பு. 8 என்றால் அடுத்து லேயரின் பெயர். 10 என்றால் எக்ஸ், 20 என்றால் ஒய். 40 என்றால் வட்டத்தின் ஆரம். இதைப் படிக்க ஒரு கல்லூரி மாணவர் ஒரு வாரத்தில் புரோகிராம் எழுதிவிடலாம், எழுதினார்கள். ஆட்டோகேட்டின் சொந்தக் கோப்பான டிடபிள்யூஜியின் உள்ளமைப்பை நிறுவனம் வெளியிடவில்லை. டிஎக்ஸ்எஃப்பின் விதிகளை மட்டும் வெளியிட்டது. வெளியிட்டது பிழைத்து, உலகத்தின் எல்லா லேசர் கட்டிங் எந்திரத்துக்கும் வயர்கட் எந்திரத்துக்கும் உணவாகிவிட்டது. தகடு வெட்டுவதற்கு இன்றும் அதை விட்டு வேறு வழி தேட வேண்டியதில்லை. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பழைய பதிப்புகளில் இது மில்லிமீட்டரா அங்குலமா என்று சொல்ல இடமே கிடையாது. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் பாகம் 25.4 மடங்கு சுருங்கும். இன்னொன்று, எல்லா எந்திரமும் ஏற்கும் என்று பலர் அனுப்பும் ஆர்12 பதிப்பு 1992-இல் வந்தது. அதில் நீள்வட்டமும் ஸ்ப்ளைனும் கிடையாது, அடுத்த பதிப்பில்தான் அவை சேர்ந்தன. ஆர்12-இல் சேமித்தால் அழகான வளைவு குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடையும். லேசர் முனை ஒவ்வொரு சந்திப்பிலும் தயங்கித் தயங்கிப் போகும், வெட்டிய ஓரத்தைக் கையால் தடவினாலே தெரியும்.

எஸ்டிஎல் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு அதிகம் தவறாக அனுப்பப்படுவது அதுதான். சக் ஹல் என்ற அமெரிக்கர் புற ஊதா ஒளியால் திரவப் பிசினை அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்திப் பொருள் செய்யும் முறைக்கு 1986-இல் காப்புரிமை பெற்றார். 3டி சிஸ்டம்ஸ் என்ற அவருடைய நிறுவனம் 1987-இல் எந்திரத்தைக் கொண்டுவந்தபோது, அதற்கு மாடலை ஊட்ட ஒரு வடிவம் தேவைப்பட்டது. ஆல்பர்ட் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் எழுதிக் கொடுத்தது. எந்திரத்துக்குத் தேவை என்ன? மாடலைத் தகடு தகடாக நறுக்கினால் ஒவ்வொரு தகட்டின் வெளிக்கோடு எது என்பது மட்டும்தான். மாடல் முழுக்க முக்கோணங்களாக இருந்தால், ஒரு தளம் முக்கோணத்தை வெட்டும் இடம் ஒரு நேர்கோடு. அந்தக் காலத்துக் கணினியும் திணறாமல் செய்யக்கூடிய கணக்கு. அதனால் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று மூலைகள், வெளிப்பக்கம் எது என்று காட்டும் ஒரு திசை, அவ்வளவுதான் எழுதினார்கள். பைனரியில் முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட். லட்சம் முக்கோணம் என்றால் 50 லட்சம் பைட்டும் சில்லறையும். அலகு கிடையாது. பாகத்தின் பெயர் கிடையாது. துளை என்று ஒன்று கிடையாது. துளையைச் சுற்றி நிற்கும் முக்கோணங்கள்தான் உண்டு. அந்த எந்திரத்துக்கு அது போதும், மிகச் சரியான வேலை. அதை எழுதியவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் எங்கள் ஆபீஸில் நடப்பதைப் பாருங்கள்.

"அக்கா, பம்ப் கேசிங் மாடல் வந்துடுச்சு. ஆனா எஸ்டிஎல்."

"ஸ்டெப் கேட்டியாப்பா?"

"கேட்டேன்க்கா. எங்ககிட்ட இதுதான் இருக்கு, 3டி பிரிண்ட்டுக்கு இதைத்தான் கொடுத்தோம், நல்லா வந்துச்சேன்னு சொல்றாங்க. இதுல டிராஃப்ட் எங்கேக்கா போடறது?"

போட முடியாது. அதில் முகம் என்று எதுவும் இல்லை, சாய்வு கொடுக்க எதைப் பிடிப்பது? பேரிங் உட்காரும் 100 மில்லிமீட்டர் விட்டத் துளையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 36 பக்கங்களாக உடைந்து வந்திருந்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உண்மையான வட்டத்திலிருந்து 0.19 மில்லிமீட்டர் விலகியிருக்கும். அந்தத் துளைக்கு ஹெச்7 ஃபிட் என்று டிராயிங் கேட்டால், அனுமதிக்கும் மொத்த வித்தியாசமே 0.035 மில்லிமீட்டர். விலகலை 0.01-க்குள் கொண்டுவர வேண்டுமென்றால் 160-ஐ நெருங்கும் பக்கங்கள் வேண்டும், அப்போதும் அது வட்டம் ஆகாது. திரையில் வழவழவென்று தெரிவதால் ஏமாந்துபோகிறோம், பெரிதாக்கிப் பார்த்தால்தான் மூலைகள் தெரியும். பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துப் பார்க்க எஸ்டிஎல் போதும். இப்போது அதற்கும் 3எம்எஃப் என்று 2015-இல் வந்த வடிவம் இருக்கிறது. அலகு, நிறம் எல்லாம் சேர்ந்தே போகும். பிரிண்டருக்கு அனுப்புகிறவர்கள் அதற்கு மாறுவது நல்லது. அச்சுக்காரருக்கும் மெஷினிங் பட்டறைக்கும் இரண்டுமே உதவாது.

ஸ்டெப்பின் கதை நிதானமாக நடந்தது. ஐஜெஸ்ஸும் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் தனித்தனிப் பாதையில் போவது சரிப்படாது என்று 1984-இல் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் கீழ் ஒரு குழு கூடியது. முதல் பகுதிகள் வெளிவந்தது 1994-இல். பத்து ஆண்டு! இடையில் பொறுமை இழந்து திட்டியவர்கள் ஏராளம். ஆனால் குழுவினர் எடுத்துக்கொண்ட கேள்வி பெரியது. கோடுகளை எப்படி எழுதுவது என்று கேட்காமல், ஒரு பொருள் என்றால் என்ன என்று கேட்டார்கள். பாகத்துக்குப் பெயர் உண்டு, பதிப்பு எண் உண்டு, அது எந்த அசெம்பிளிக்குள் எத்தனை முறை உட்காருகிறது என்பது உண்டு. ஒரு முகம் எந்த விளிம்பில் முடிகிறது, அந்த விளிம்பின் மறுபக்கம் எந்த முகம் என்கிற உறவு உண்டு. இதையெல்லாம் எழுத எக்ஸ்பிரஸ் என்று ஒரு மொழியையே உருவாக்கினார்கள். அந்தக் கோப்பையும் நோட்பேடில் திறக்கலாம். முதல் வரி ஐஎஸ்ஓ-10303-21 என்று தொடங்கும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், ஒரு வரி இன்னொரு வரியை எண்ணால் சுட்டும். மில்லி, மீட்டர் என்று அலகை எழுத்தாகவே எழுதியிருப்பார்கள். எவ்வளவு நுணுக்கத்துக்குக் கணக்கிட்டிருக்கிறோம் என்பதையும் கோப்பே சொல்லும். தாளின் மூலையில் கூம்பு வரைந்த காலத்து ஒழுங்கு மறுபடி வந்துசேர்ந்தது இங்கேதான்.

ஸ்டெப்புக்குள்ளும் வகைகள் உண்டு. ஏபி203 விமானத் தொழில் கேட்டது, வடிவமும் அசெம்பிளியும் போகும். 2001-இல் வந்த ஏபி214 வாகனத் தொழில் கேட்டது, நிறமும் லேயரும் சேர்ந்தன. 2014-இல் வந்த ஏபி242 இரண்டையும் இணைத்து, டாலரன்ஸ் குறிப்புகளை மாடலின் மேலேயே ஏற்றிக் கொண்டுபோகும். மூன்றில் எது என்று கேட்டால், பெறுகிறவரின் மென்பொருள் ஏற்குமானால் 242.

ஸ்டெப்பும் கொண்டுபோகாத ஒன்று உண்டு. முதலில் வட்டம் வரைந்தேன், அதை 20 மில்லிமீட்டர் உயர்த்தினேன், ஓரத்தை உருட்டினேன் என்கிற வரலாறு அதில் வராது, முடிந்த வடிவம் மட்டும் வரும். விலாவின் கனத்தை மாற்றும் வேலை பெறுகிறவருக்கு இருந்தால் உங்கள் மென்பொருளின் சொந்தக் கோப்பைத்தான் கொடுக்க வேண்டும். இருவரும் வைத்திருக்கும் மென்பொருளுக்கு அடியில் ஒரே வடிவக் கணித எஞ்சின் ஓடினால் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த பாராசாலிட் என்ற எஞ்சின்தான் சாலிட்வொர்க்ஸிலும் என்எக்ஸிலும் சாலிட் எட்ஜிலும் ஓடுகிறது. இவற்றுக்கிடையே பாராசாலிட் கோப்பாகக் கொடுத்தால் மொழிமாற்றமே நடப்பதில்லை, அதனால் இடைவெளியும் விழுவதில்லை. சின்னப் பட்டறைகளில் பலர் இது தெரியாமலே ஸ்டெப்பில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே நிறுவனத்தின் மென்பொருளை வைத்திருந்தால் பிரச்சினை இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் ஏர்பஸ் ஏ380-இன் கதையைச் சொல்வேன். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் கேட்டியா வி4, பிரான்சிலும் பிரிட்டனிலும் கேட்டியா வி5. இரண்டும் தசோ நிறுவனத்தின் பிள்ளைகள், ஆனால் உள்ளமைப்பு வேறு வேறு. ஒரு விமானத்துக்குள் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் வயர். ஹாம்பர்க்கில் தயாரித்து துலூஸுக்கு வந்த வயர் கட்டுகள், விமானத்துக்குள் இழுத்துப் பொருத்தியபோது எட்டவில்லை. ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கத்து மாடலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராமல் இருந்தது. 2006 ஜூனில் தாமதத்தை அறிவித்த மறுநாள் தாய் நிறுவனத்தின் பங்கு விலை நாலில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அந்த அக்டோபரில், 2010 வரைக்குமான லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று சொன்னார்கள். விமானம் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு தாமதமாகி, 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போனது. உலகத்தின் மிகத் திறமையான பொறியாளர்கள் இருந்த இடம் அது.

சேமித்து வைப்பதிலும் இதே பாடம்தான். டெட்ராய்ட் மேடையில் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர்விஷனை 1998-இல் பிடிசி நிறுவனம் வாங்கியது. ஃபோர்டு நம்பிய ஐ-டியாஸ் பின்னாளில் என்எக்ஸில் கரைந்துபோனது. அவற்றின் சொந்தக் கோப்புகளை நாடாவிலும் வட்டிலும் வைத்திருந்தவர்கள், திறக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஒரு விமானம் பறக்கும் வரை அதன் வடிவமைப்பு ஆவணம் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதால், அந்தத் தொழில் லோட்டார் என்ற ஏற்பாட்டின் கீழ் ஸ்டெப்பை அடிப்படையாக வைத்து நீண்டகாலச் சேமிப்பு விதிகளை எழுதியிருக்கிறது. நம் ஊரில் ஒரு பம்ப் இருபது ஆண்டு ஓடும். அதன் இம்பெல்லர் அச்சு தேய்ந்து புதிதாகச் செய்ய வேண்டிய நாளில் மாடல் திறக்குமா என்று யோசிப்பவர்கள் குறைவு.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இது. கோப்பை அனுப்புவதற்கு முன் பெறுகிறவரைப் போனில் கூப்பிட்டு, இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். தகடு வெட்டுகிறவருக்கு டிஎக்ஸ்எஃப், பிரிண்ட் எடுக்கிறவருக்கு 3எம்எஃப், அச்சோ மெஷினிங்கோ செய்கிறவருக்கு ஸ்டெப், வடிவத்தை மாற்றப் போகிறவருக்குச் சொந்தக் கோப்பு. ஐஜெஸ்ஸை, வேறெதையும் படிக்காத பழைய மென்பொருள்காரர் கேட்டால் மட்டும் கொடுங்கள். அனுப்பும் கோப்பை நீங்களே ஒருமுறை புதிதாகத் திறந்து, நீள அகலத்தை அளந்து, கன அளவு மூல மாடலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மெயிலில் அலகையும் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். வேலை முடிந்ததும் சொந்தக் கோப்போடு ஒரு ஸ்டெப் பிரதியையும் சேமித்து வையுங்கள். அளவும் டாலரன்ஸும் போட்ட பிடிஎஃப் டிராயிங் கூட இல்லாமல் எந்த மாடலையும் எந்தப் பட்டறைக்கும் அனுப்பாதீர்கள்.